ஆறப் பொறுத்தல்

பெங்களூர் காக்ஸ் டவுனில் அடிவானம் கிடையாது. என் வீட்டு மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால் எதிர்வீட்டுக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பின்னால் ஒரு அடுக்குமாடி, அதற்கும் பின்னால் இன்னொன்று. குறுக்கே கேபிள்காரர்கள் அவரவர் வசதிக்கு இழுத்துக் கட்டிய கம்பிகள். இதற்கு நடுவே மிஞ்சுகிற நாலு முழ வானத்தில்தான் எங்கள் பேட்டைச் சூரியன் மறைந்தாக வேண்டும். அதுவும் ஒரே இடத்தில் மறையாது. ஜூன் மாதக் கடைசியில் நேர் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 24 டிகிரி தள்ளிப் போய்விடும். டிசம்பரில் அதே அளவு தெற்கே. கையை நீட்டி விரல்களை அகல விரித்துப் பிடித்தால் ஒரு சாண் ஏறக்குறைய 20 டிகிரி. ஆக, ஆண்டுக்கொரு தடவை இரண்டு சாணுக்கு மேல் போய்த் திரும்புகிறது. பக்கத்து வீட்டு மாமரத்துக்குப் பின்னால் மறைந்தால் ஆனி. தொட்டிக்கு இடப்பக்கம் இறங்கினால் மார்கழி. இதைத் தெரிந்துகொள்ளப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. மாடிப்படி ஏறத் தெம்பு இருந்தால் போதும்.

எனக்கு அந்தத் தெம்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மாலையானால் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரும் போனும் கையுமாக வந்துவிடுகிறார்கள். மூன்றாம் மாடிப் பையன் ஒருவன், பொறியியல் படிக்கிறவன், எனக்கு நல்ல சிநேகிதம். "தாத்தா, இன்னிக்கு வானம் கலக்கும்போல இருக்கு, வாங்க" என்று கதவைத் தட்டுவான். முக்கால் மணி நேரம் நிற்பான். கொசுக்கடியைப் பொறுப்பான். கீழேயிருந்து அம்மா கூப்பிடுவது காதில் விழாதவனாக இருப்பான். ஆனால் எடுத்த படத்தை, படியிறங்கி வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் திருத்தி, நிறம் ஏற்றி, ஊருக்கெல்லாம் அனுப்பி முடித்திருப்பான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று என் பாட்டி சொல்லுவாள். அவள் சோற்றைச் சொன்னாள்.

என் அப்பா வட ஆற்காட்டுக்காரர். ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டுக்கு 1864-ல் போட்ட ரயில் பாதை எத்தனையோ தமிழ்க் குடும்பங்களை இங்கே கொண்டுவந்து இறக்கியது. பிற்காலத்தில் எங்களையும் இறக்கியது. நான் தூரவாணி நகர் ஐ.டி.ஐ.யில், அந்தத் தொலைபேசித் தொழிற்சாலையில், வேலைக்குச் சேர்ந்து கையில் நாலு காசு புரண்டதும் வாங்கியது ஒரு பழைய யாஷிகா. பெட்டி மாதிரியானது. மேலிருந்து குனிந்துதான் பார்க்க வேண்டும்; வலது இடதாகத் தெரியும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள்தான் என் சம்பளத்துக்குக் கட்டுப்படியானது.

"சன்செட்டை பிளாக் அண்ட் ஒயிட்ல எடுத்தீங்களா!" என்று பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் நிறத்தை எடுத்துவிட்டால் அந்தியில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். எது வெளிச்சம், எது இருட்டு, எதன் முன்னால் எது நிற்கிறது என்பது மட்டும் மிஞ்சும். ஒரு தென்னையும் ஒரு ஆளும் படத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு கறுப்புக் குவியல். நடுவில் ஒரு விரற்கடை வானம் தெரிந்தால் தென்னை தென்னையாகவும் ஆள் ஆளாகவும் நிற்பார்கள். அந்த விரற்கடைக்காகக் கால் மாற்றிக் கால் மாற்றி நகர்வதுதான் பாதி வேலை. வண்ணப் படத்திலும் அதே பாதி வேலை பாக்கியிருக்கிறது. நிறம் அதை மறைத்துவிடுவதால் யாரும் செய்வதில்லை.

அந்தக் காலத்து என் கோலத்தைச் சொன்னால் உங்களுக்கும் சிரிப்பு வரும். மரத்தால் செய்த ஸ்டாண்டு ஒன்று, நில அளவைக்காரர்கள் கழித்துப் போட்டது, பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையில் ஒரு தொப்பியோடு வீலர் ரோட்டில் போய் ஊன்றுவேன். ஐந்து நிமிடத்தில் யாராவது ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து வந்து தயங்கித் தயங்கிக் கேட்பார்: "சார், ரோடு எவ்வளவு அகலமாகுது? எங்க காம்பவுண்டு போகுமா?" சூரியனைப் படம் எடுக்கிறேன் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு பெரியவர் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்து, காம்பவுண்டு சுவரை எப்படியாவது காப்பாற்றித் தரும்படி கேட்டுக்கொண்டார். நான் மோரைக் குடித்துவிட்டு ஆகட்டும் என்றேன். சுவர் இன்றைக்கும் இருக்கிறது.

அடிவானம் வேண்டுமென்றால் அல்சூர் ஏரிக்குத்தான் போக வேண்டும். எங்களுக்கு நடைதூரம். கிழக்குக் கரையில் நின்றால் தண்ணீர், நடுவே மரங்களடர்ந்த தீவுகள், அதற்குப் பின்னால் மேற்கு வானம். 1991-ல் ஏரிக்கரைப் பக்கம் திருவள்ளுவர் சிலை ஒன்று திறக்கத் தயாராகி, எதிர்ப்புக் கிளம்பியதால் திறக்காமலே மூடிக் கிடந்தது. 18 ஆண்டுகள். ஏரிக்குப் போகிற வழியில் அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டேதான் போவோம். 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி கருணாநிதியும் எடியூரப்பாவும் சேர்ந்து நின்று திறந்தார்கள். அதே வாரம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞருக்குச் சிலை திறந்தார்கள். பொறையுடைமை என்று ஓர் அதிகாரமே எழுதிய வள்ளுவர், துணிக்குள் நின்று அதை நடத்தியும் காட்டிவிட்டார்.

ஏரியில் எடுக்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லலாம். சூரியன் நம் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுகிறதே தவிர, அதன் அகலம் வானத்தில் அரை டிகிரிதான். போனின் சாதாரண லென்சில் அது படத்தின் அகலத்தில் நூறில் ஒரு பங்குகூட வராது. "தாத்தா, பார்க்கும்போது இவ்ளோ பெருசா இருந்துச்சு, படத்துல பொட்டு மாதிரி வந்திருக்கு" என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். ஆகவே சூரியனை நம்பிப் படம் எடுக்கக் கூடாது. அதன் வெளிச்சம் எதன் மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும்: தீவு மரங்களில் அடையும் பறவைகள், படகின் விளிம்பு, கரையில் சுண்டல் விற்கிறவரின் தள்ளுவண்டிக் கண்ணாடி. வெளிச்ச அளவைச் சூரியனின் மேல் வைக்காமல், அதற்குப் பக்கத்து வானத்தைத் தொட்டு, ஒரு படி குறைத்து எடுக்க வேண்டும். 'ஒயிட் பேலன்ஸை' ஆட்டோவில் விட்டால் போன் அந்தியின் மஞ்சளைக் குறை என்று நினைத்துக்கொண்டு வெளுத்துவிடும். பகல் வெளிச்சம் என்று குறித்துவிட்டால் தன் வேலையைப் பார்க்கும். பெரிய லென்ஸ் போட்ட கேமராவின் கண்துளை வழியாகச் சூரியனை நேரே பார்ப்பது மட்டும் வேண்டாம். கண் போனால் படம் எதற்கு?

எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அடிக்கடி கேட்பார்கள். கை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தின் மேல் வைத்தால் முஷ்டியின் உயரம் சுமார் 10 டிகிரி. நம் ஊரில் சூரியன் செங்குத்தாகவே இறங்குவதால் ஒரு முஷ்டிக்கு ஏறக்குறைய 40 நிமிடம். அதே காரணத்தால் நமக்கு அந்தியும் சிறிது. சூரியன் மறைந்தபின் வெளியில் நன்றாகக் கண் தெரிகிற நேரம் இங்கே இருபது, இருபத்திரண்டு நிமிடம். லண்டனில் ஜூன் மாதம் அதுவே முக்கால் மணிக்கு மேல் நீளும். ஆனால் பாருங்கள், ஏரிக்கரைக் கூட்டம் சூரியன் மறைந்த நொடியில் சினிமா விட்டதுபோல் எழுந்து போய்விடுகிறது. மேலே உயரத்தில் இருக்கிற மெல்லிய மேகங்களுக்குக் கீழிருந்து வெளிச்சம் ஏறிச் சிவப்பது அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான். அந்த இடைவெளியில் ஒரு தடவை முதுகைத் திருப்பிக் கிழக்கே பார்த்தால், அடியில் நீலச் சாம்பலாக ஒரு பட்டை, அதன் மேல் இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை எழும்பிக்கொண்டிருக்கும். கீழே இருப்பது பூமியின் நிழல். நாம் நிற்கிற பூமியின் நிழலையே வானத்தில் பார்க்கலாம் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியும். அதுவரை நானும் மேற்கையே வெறித்துக்கொண்டிருந்த ஆசாமிதான்.

தூசியும் புகையும் இருந்தால் அந்தி நன்றாகச் சிவக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தரையை ஒட்டிய தூசி நிறத்தை மங்க அடிக்கத்தான் செய்யும். மழை பெய்து காற்றைக் கழுவிவிட்டுப் போன மாலைதான் நல்ல மாலை. பெங்களூரில் அக்டோபரில் அப்படி நாலைந்து மாலைகள் அமையும். உயரே, பல கிலோமீட்டருக்கு மேலே, எரிமலைத் துகள் பரவினால் அது வேறு கதை. 1883 ஆகஸ்டில் கிரகடோவா வெடித்தது; செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. அங்கிருந்த வானாய்வுக்கூடத்தார் பார்த்துக் குறித்துவைத்தார்கள். இன்றைக்கு யாராவது பச்சைச் சூரியன் படத்தைக் காட்டினால் போனில் செய்தது என்று தயங்காமல் சொல்லிவிடுவேன். அந்த வெடிப்புக்குப் பின் வந்த ஆண்டுகளில் லண்டனில் வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்ற ஓவியர் தேம்ஸ் கரையில் உட்கார்ந்து, வானம் நிமிடத்துக்கு நிமிடம் மாற மாற வண்ணக்கோல்களால் ஐந்நூறுக்கும் மேல் தீட்டித் தள்ளினார். வண்ணப் படச்சுருள் இல்லாத காலம். அந்த மாலைகளுக்கு அவர் கைதான் சாட்சி.

ஆஸ்கிராஃப்டைப் பற்றி எங்கோ படித்தபின் நானும் ஒரு வழக்கம் பிடித்தேன். படம் எடுத்த கையோடு சட்டைப்பை நோட்டில் நிறத்தை எழுதிவிடுவது. ஆரம்ப கால நோட்டுகளை இப்போது புரட்டினால் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன். 'செந்தீ மண்டிய குடதிசை', 'பரிதி குருதி கொப்பளித்தான்' என்றெல்லாம் எழுதிவைத்திருக்கிறேன். என்ன நிறம் இருந்தது என்று அதிலிருந்து கடவுளாலும் கண்டுபிடிக்க முடியாது. வயது ஏற ஏறத் தமிழ் இளைத்து உபயோகமாகிவிட்டது: 'மேற்கே பித்தளை. மேலே லேசாகப் பச்சை. மேகத்தின் அடி மட்டும் சிவப்பு, அதுவும் வலப்பக்கம். தண்ணீர் கறுப்பு.' இப்படி நாலு வார்த்தை இருந்தால், மறுநாள் திருத்த உட்காரும்போது கை தடம் மாறாது.

ஆறப்போடுவதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கமர்ஷியல் ஸ்ட்ரீட் சந்து ஒன்றில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். பாஸ்போர்ட் படமும் கல்யாண ஆல்பமும்தான் அவருக்குப் பிழைப்பு. நாங்கள் மாஸ்டர் என்போம். அப்போதெல்லாம் பெங்களூரில் படக்கலைக்குப் பெரிய ஆட்கள் இருந்தார்கள். இந்திய ஒளிப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு 1953-ல் உருவாக முன்னின்ற டாக்டர் ஜி. தாமஸ் இங்கேதான் இருந்தார். தஞ்சாவூரில் பிறந்த டி.என்.ஏ. பெருமாள், காட்டுயிர்ப் படங்களில் உலகமறிந்தவர், 2017-ல் மறையும்வரை இங்கேதான் வாழ்ந்தார். மாஸ்டர் அந்த வரிசையில் வருகிறவர் இல்லை. கண்காட்சிக்கு ஒரு படமும் அனுப்பியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியபின் தன் இருட்டறையை எனக்குத் திறந்துவிடுவார். தாளுக்கு மட்டும் காசு. மருந்துக்குக் காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வார்.

சிவப்பு விளக்கு. மருந்துத் தட்டில் வெள்ளைத் தாள் மிதக்கும். அரை நிமிடத்தில் தீவின் மரங்கள் முதலில் எழும்பி வரும், வானம் கடைசியில். முன்பகுதி கருகிவிடாமல் இருக்க, கம்பி நுனியில் வட்டமாக வெட்டிய அட்டையைக் கட்டி ஒளிக்குக் குறுக்கே பிடிப்பார் மாஸ்டர். வானத்துக்கு மட்டும் இன்னும் ஒளி கொடுக்க, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தரையை மறைத்து, மேலே மட்டும் வெளிச்சம் விழவிடுவார். கை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு விநாடி நின்றாலும் வானத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கோடு விழுந்து, இங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும். இன்று போனில் வானத்தை மட்டும் இழுத்துக் கறுப்பாக்கும்போது மாடி விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளைப் புகை படிகிறதே, அதே கோடுதான் அது.

படம் ஹைப்போவில் கிடக்கும்போது ஈரத்தில் பளபளவென்று இருக்கும். நான் துள்ளுவேன். "எப்படி இருக்கு மாஸ்டர்?" என்று கேட்டால் அவர் படத்தைப் பார்க்கவே மாட்டார். கொடியில் கிளிப்பைப் போட்டு மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொல்வார்: "ஈரத்துல, இருட்டுல எல்லாப் படமும் அழகுதாம்பா. காயட்டும். காலைல வெளிச்சத்துல பாரு." அதில் வேதாந்தம் ஒன்றுமில்லை. தாள் காய்ந்தால் படம் உண்மையாகவே ஒரு சாயல் இருண்டுவிடும். வெள்ளையின் மினுமினுப்பு அடங்கிவிடும். சிவப்பு விளக்குக்குப் பழகிய கண்ணும் அப்போது சரியான கண் இல்லை. காலையில் போய்ப் பார்த்தால், இரவு பிரமாதமாக இருந்த வானம் சிமெண்டுத் தரையாகக் கிடக்கும். அவர் டீ வாங்கிக் கொடுத்து, எத்தனை விநாடி குறைக்க வேண்டும் என்று மட்டும் சொல்வார்.

அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ் என்றொரு மேதை இருந்தார். நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் காரில் கடக்கும்போது, கிழக்கே நிலவு எழும்பியிருக்க, பின்னால் மறைந்துகொண்டிருந்த சூரியனின் கடைசி வெளிச்சம் கல்லறைச் சிலுவைகளின் மேல் விழுவதைப் பார்த்தார். வெளிச்சமானி கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் ஒளி இவ்வளவு என்று மனப்பாடமாகத் தெரிந்ததால் கணக்குப் போட்டு ஒரே ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளிலிருந்து வெளிச்சம் போய்விட்டது. அந்த நெகட்டிவின் தரைப்பகுதி மெலிவாக இருந்தது என்பதற்காக 1948-ல் மருந்து போட்டு அதை வலுவாக்கினார். பிறகும் பல பத்தாண்டுகள் அதையே மறுபடி மறுபடி அச்சிட்டு, வானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பாக்கிக்கொண்டே போனார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுகள். வேடிக்கை என்னவென்றால், எந்த நாளில் எடுத்தோம் என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. பிற்பாடு வானியல்காரர்கள் நிலவின் இடத்தை வைத்துக் கணக்கிட்டு 1941 நவம்பர் 1 என்று எடுத்துக் கொடுத்தார்கள். எடுத்தது ஒரு நொடி. திருத்தம் ஆயுள் முழுக்க.

இந்தக் கதையைச் சொன்னபோது பையன் மடக்கினான். "அப்ப அவரும்தானே வானத்தை மாத்தினாரு? நான் சாச்சுரேஷன் ஏத்தினா மட்டும் தப்பா?" நல்ல கேள்வி. தப்பே இல்லை என்றேன். எப்போது ஏற்றுகிறாய் என்பதுதான் என் கவலை. இருட்டுகிற மாடியில் கண்மணி விரிந்திருக்கும். போன் திரையோ முழு வெளிச்சத்தில் எரியும். அந்தக் கண்ணுக்கு எந்தப் படமும் ஒளிர்ந்துதான் தெரியும். போதாக்குறைக்கு, இப்போதுதான் பார்த்த வானத்தின் கிளர்ச்சி மனதில் இருக்கிறது. படத்தில் இல்லாததையும் மனசு நிரப்பிக் காட்டும், அல்லது மனசில் இருப்பது படத்தில் இல்லையே என்று கை பட்டையை இழுத்துக்கொண்டே போகும். சிவப்பு ஓர் எல்லைக்கு மேல் போனால் முட்டிக்கொள்ளும். முட்டிவிட்டால் மேகத்தின் மடிப்பெல்லாம் போய் ஒரே பெயிண்டு பூச்சு. நிழலில் இருக்கிற வீட்டுச் சுவரை வெளிச்சமாக்கினால் அந்தி மதியமாகிவிடும். ஏரிப் படத்தில் இன்னொன்று: தண்ணீரில் விழும் வானம் மேலே இருக்கிற வானத்தைவிட இருட்டாகத்தான் இருக்கும். அதை மேலே இருப்பதற்குச் சமமாக ஏற்றினால், ஏன் என்று சொல்லத் தெரியாதவர்களுக்கும் எங்கேயோ உறுத்தும்.

நம்மூரில் தண்ணீரில் விழும் வானத்தைப் பற்றிப் பேசினால் சி.வி. ராமனைச் சொல்லாமல் தீராது. 1933 முதல் 1970-ல் மறையும்வரை பெங்களூரில் இருந்த மனிதர். கடல் நீலம் என்பது வானத்தின் பிரதிபலிப்பு என்று பெரியவர்கள் சொல்லியிருந்ததை, 1921-ல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பி வரும்போது சோதித்தார். ஒரு படிகத்துண்டால் பிரதிபலிப்பை அறுத்துவிட்டுப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது. கேமராவில் போடுகிற போலரைசர் அந்தப் படிகத்தின் வம்சம்தான். சூரியனுக்கு நேரே திருப்பினால் வானத்தில் அது ஒன்றும் செய்யாது. பக்கவாட்டில், வடக்கோ தெற்கோ பார்த்துத் திருப்பினால்தான் வேலை செய்யும். வாங்கியவர்களில் பாதிப் பேர் மேற்கே திருப்பிவிட்டுக் கடைக்காரரைத் திட்டுகிறார்கள்.

இப்போது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். எடுத்த படத்தை அன்றிரவு தொடுவதில்லை. காலையில் காப்பிக்குப் பிறகு, ஜன்னலோரம், திரை வெளிச்சத்தைப் பாதியாக்கி, நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவோம். முதலில் சாய்ந்திருக்கிற அடிவானத்தை நேராக்குவது. ஏரி ஒரு பக்கமாக வழிந்தால் எந்த நிறமும் அதைக் காப்பாற்றாது. அப்புறம் வெட்டுவது. நிறம் கடைசி. ஏற்ற வேண்டும் என்று தோன்றுகிற அளவை ஏற்றிவிட்டு, அதில் பாதியைத் திரும்ப இறக்குவது. பல நாள் காலையில் பார்த்தால் ஏற்ற வேண்டியதே இருக்காது. சில நாள் அழித்துவிட்டு எழுந்துவிடுவோம். அதற்கும் ராத்திரியில் மனசு வராது.

தீராத வழக்கு ஒன்று பாக்கியிருக்கிறது. போன அக்டோபரில் மழை விட்ட மாலை ஒன்று. மேகம் முழுக்கத் தாமிரம். மாடியிலிருந்தே எடுத்தோம். பையன் போனில் கம்பிகளையும் எதிர்வீட்டுத் தொட்டியையும் விரலால் தடவித் தடவி அழித்துவிட்டான். சுத்தமான வானம். அழகாகத்தான் இருந்தது, ஆனால் மங்களூர், மாலத்தீவு என்று எங்கே எடுத்ததாகச் சொன்னாலும் நம்பலாம். கம்பியும் தொட்டியும் இருந்தால்தான் அது காக்ஸ் டவுன் வானம் என்பது என் கட்சி. என்னிடம் பழைய படங்கள் இருக்கின்றன. ஓட்டு வீடுகளும் சில்வர் ஓக் மரங்களும் ஓரத்தில் தெரிகிற படங்கள். பார்க்க வருகிறவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. "அட, இது அந்த மூலை வீடு இல்லை?" என்று ஓரத்தில்தான் விரலை வைக்கிறார்கள். "ஐம்பது வருஷம் கழிச்சு கேபிள் கம்பியை யார் தாத்தா தேடுவாங்க?" என்கிறான் அவன். தேடுவார்கள் என்கிறேன் நான்.

இரண்டு மாதிரியும் அச்சுப் போட்டு அவன் அம்மாவிடம் கொண்டுபோய்த் தீர்ப்புக் கேட்டோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "கம்பி இருந்தா என்ன, போனா என்ன அங்கிள்," என்றார். "கீழ் ஓரத்துல கொடியில என் நைட்டி காயுது பாருங்க. ரெண்டுலயும் இருக்கு. அதை முதல்ல எடுக்கச் சொல்லுங்க." நாங்கள் இருவரும் அப்போதுதான் அதைப் பார்த்தோம். கம்பி வழக்கு இன்னும் வாய்தாவில் கிடக்கிறது. நைட்டி அன்றைக்கே போய்விட்டது.